அடுப்பும் போறணையும்: யாழ்ப்பாணத்து இல்லச் சமையலின் சமூக அடிப்படைகள் பற்றிய சில குறிப்புகள்

1

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமூக வரலாற்றை ஆராய்ந்தோர் நிலவுடைமை, சாதியமைப்பு, சமயம், ஆங்கிலக் கல்வி ஆகியன பற்றிக் கணிசமாக எழுதியுள்ளனர். ஆனால், அச்சமூகத்தின் அன்றாட உணவை ஆக்கிய அடுப்பு அவ்வாராய்ச்சிகளின் எல்லைக்குப் புறத்தேயே இருந்து வந்துள்ளது. அடுப்பு பெண்களின் வேலைக்களம். அவ்வேலைக்குக் கூலி இல்லை. ஆவணங்களை எழுதியோர் அடுப்பின் முன் அமர்ந்தவர்களும் அல்லர். இப்புறக்கணிப்புக்கு இவையே காரணங்களெனலாம். வரலாற்றை ஆக்குவதற்கு மனிதர் முதலில் உயிர்வாழ வேண்டும், உயிர்வாழ்வதற்கு உண்ணவும் உடுக்கவும் உறையவும் வேண்டும் என்ற எளிய உண்மையிலிருந்தே மார்க்சும் ஏங்கெல்சும் 1845-46இல் எழுதிய ‘ஜெர்மன் சித்தாந்தம்’ தனது வரலாற்று நோக்கைத் தொடங்குகிறது. அவ்வகையில் நோக்கும்போது, அடுப்பினை வரலாற்றிலிருந்து விலக்கி வைத்தல் வரலாற்றின் முதல் நிபந்தனையையே விலக்கி வைப்பதாகும்.

இக்கட்டுரை ஒரு குறிப்பிட்ட வினாவை எடுத்துக்கொள்கிறது. யாழ்ப்பாணத்து இல்லங்களிலே போறணை இடம்பெறாமைக்குக் காரணம் யாது? மாவைப் பிசைந்து, மூடிய வெப்ப அறையினுள் இட்டுச் சுடும் முறை மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகளாக உணவாக்கத்தின் மையமாக இருந்துள்ளது. யாழ்ப்பாணத்திலோ பிட்டு, இடியப்பம், கூழ், கொழுக்கட்டை என ஆவியிலும் நீரிலும் வெந்தனவும், தோசை, அப்பம், றொட்டி எனத் திறந்த தீயின்மேல் சுடப்பட்டனவுமே உணவுகளாயின.

இவ்வினாவுக்கு வழக்கமாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. போறணை என்னும் தொழில்நுட்பத்தை எம்மவர் அறிந்திருக்கவில்லை என்பது ஒன்று. ஆவியில் அவித்துண்ணல் தமிழர் பண்பாட்டின் தனித்துவம், அது இயல்பாகவே எமக்குரியது என்பது மற்றொன்று. முன்னையது குடியேற்றவாதிகள் எம்மைப்பற்றிக் கூறிய கூற்றின் எச்சம். பின்னையது அக்கூற்றுக்கு எதிர்வினையாக எழுந்த பழம்பெருமை. இரண்டும் ஒரே குறைபாட்டை உடையன. உணவு முறையினை, அதனை ஆக்கிய எரிபொருள், தானியம், உழைப்பு, சமூக உறவு ஆகியவற்றிலிருந்து பிரித்து நோக்குவதே அக்குறைபாடு.

2

முதலிற் சொற்களை நோக்குவோம். மூடிய வெப்ப அறையின் தத்துவம் தமிழ் மக்களுக்குத் தெரிந்த ஒன்றே. குயவர் பானையையும் ஓட்டையும் சூளையில் இட்டுச் சுட்டனர். செங்கல்லும் சுண்ணாம்பும் சூளையில் வெந்தன. கொல்லர் உலையில் இரும்பை உருக்கினர். ‘உலை’ என்னும் அச்சொல்லே சோறாக்குவதற்குக் கொதிக்க வைக்கும் நீருக்கும் பெயராயிற்று. ‘சுடுதல்’ என்னும் வினை செங்கல்லுக்கும் தோசைக்கும் பனங்கிழங்குக்கும் பணியாரத்துக்கும் பொதுவானது. எனவே, பானையைச் சூளையிற் சுட்ட சமூகம் அப்பத்தைச் சூளையிற் சுடாதமைக்கு அறியாமை காரணமாகாது.

அடுதல் என்ற வினையடியாக அடுப்பு, அடுக்களை, அட்டில் ஆகிய சொற்கள் பிறந்தன. அவித்தல், புழுக்குதல், வறுத்தல், பொரித்தல், வாட்டுதல், வதக்குதல், சுண்டவைத்தல், தாளித்தல் எனத் தீயின் அளவையும் நீரின் அளவையும் நுட்பமாக வேறுபடுத்தும் வினைச்சொற்கள் பல தமிழில் உள்ளன. ஆனால், போறணையில் இட்டுச் சுடுதலுக்கெனத் தனிவினை ஒன்று எமது பேச்சுவழக்கில் உருவாகவில்லை. யாழ்ப்பாணத்தில் பாண் ‘போடப்படுகிறது’, கேக் ‘அடிக்கப்படுகிறது’. கேக்கைப் பொறுத்தவரை வேகவைக்கும் செயலன்றி, வீட்டில் நிகழும் மாவடிக்கும் செயலே வினைக்குப் பெயரீந்தமை மனங்கொள்ளத்தக்கது.

பெயர்ச்சொற்களோ வேறொரு வரலாற்றைக் கூறுவன. பாண், போறணை, குசினி, விசுக்கோத்து, தாச்சி ஆகியன போர்த்துக்கேய மொழிவழி வந்தவை. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். நாற்பது ஆண்டுகளுக்குக் குறைந்த அவ்வாட்சி சமையற் சொற்களிற் பதித்த தடம் இன்றும் அழியவில்லை. ஆயினும், சொற்கள் வந்த அளவுக்குப் பொருள்கள் ஒரே வகையில் ஏற்கப்படவில்லை. தாச்சி வீட்டினுள் புகுந்து அடுப்பின்மேல் ஏறியது. குசினி அடுக்களைக்கு மறுபெயராயிற்று. போறணை மட்டும் வீட்டுக்கு வெளியே, கடைத்தெருவில் நின்றுவிட்டது. பேக்கரியைக் குறிக்கப் பிற்காலத்தில் ஆக்கப்பட்ட ‘வெதுப்பகம்’ என்ற சொல்லும் கடையையே குறிக்கின்றது. வீட்டிலுள்ள பொருள் எதனையும் குறிப்பதில்லை.

3

இதற்கான முதற்காரணம் எரிபொருளாகும். குடாநாடு சுண்ணக்கற் பாறைமேல் அமைந்த தட்டையான நிலம். ஆறுகள் இல்லை, பெருங்காடுகள் இல்லை. வைரமான மரம் வேண்டுமாயின் வன்னியை நோக்க வேண்டும். குடாநாட்டு வறிய, நடுத்தர இல்லங்களின் அடுப்பு எரிந்தது பெரும்பாலும் பனையாலும் தென்னையாலுமே. காவோலை, பனைமட்டை, பன்னாடை, ஊமல், தென்னம்பாளை, பொச்சுமட்டை, சிரட்டை ஆகியவையே அன்றாட விறகாயின. 1850இல் பனை பற்றித் தனிநூல் எழுதிய வில்லியம் பேர்கசன் முதல் இம்மரத்தின் பயன்களைப் பட்டியலிட்டோர் பலர். உணவும் கூரையும் வேலியும் பாயும் பெட்டியும் தந்த அம்மரமே தீயையும் தந்தது.

இவ்வெரிபொருட்களிற் பெரும்பாலானவற்றின் இயல்பு, விரைவிற் பற்றி விரைவில் அணைவதாகும். விறகுப் போறணைக்கு இத்தகைய தீ பொருந்தாது. அதன் உள்ளே கட்டை விறகை நெடுநேரம் எரித்து, செங்கற் சுவர் வெப்பத்தை உறிஞ்சிய பின்னர் தணலை வாரி ஒதுக்கி, சுவர் உமிழும் வெப்பத்திற் பாணை வேகவிட வேண்டும். ஒரு குடும்பத்துக்கான சில இறாத்தல் பாணுக்காக அவ்வளவு விறகை எரித்தல் குடாநாட்டில் எவ்வகையிலும் கட்டுப்படியாகாது. மறுபுறம், பானையிற் சிறிதளவு நீரை ஊற்றி, அதன் வாயிலே பனையோலையால் இழைத்த நீற்றுப்பெட்டியை வைத்து மூடினால், சில காவோலைகளும் மட்டைகளும் தரும் சுடரே பிட்டை அவிக்கப் போதுமானது. மெல்லிய ஓலைப்பெட்டி, வாயொடுங்கிய மண்பானை, சுடர்விட்டெரியும் காவோலை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இயைந்த தொழில்நுட்பத் தொகுதியாகும்.

எரிபொருளுக்கும் உணவுக்குமுள்ள இத்தொடர்பு யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் மாதரி வீட்டிலே கண்ணகி கோவலனுக்குச் சமைக்கும்போது, ஆயர்குலச் சிறுமியான ஐயை மூட்டித் தருவது வைக்கோல் தீயாகும். நெல் விளையும் நாட்டின் தீ அது. சிறுபாணாற்றுப்படையில் நெய்தல் நிலத்தார் கடலலை கொணர்ந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்தை எரிக்கின்றனர். நிலமும் தொழிலும் மாற விறகும் மாறுவதைச் சான்றோர் கூர்மையாக அவதானித்துள்ளனர். அடுப்பினை வறுமையின் அளவுகோலாகக் கொண்டவரும் உளர். சமையலையே மறந்துபோன அடுப்பிற் காளான் முளைத்திருப்பதைக் குமணனிடம் எடுத்துரைத்த பெருந்தலைச் சாத்தனாரின் புறநானூற்றுப் பாடல் (164) அவ்வகையில் முக்கியமானது.

இரண்டாவது காரணம் தானியம். பாண் பொங்குவதற்குக் கோதுமையிலுள்ள பசைத்தன்மை கொண்ட புரதம் இன்றியமையாதது. நெல், குரக்கன், சாமை, ஒடியல்மா ஆகியவற்றில் அப்புரதம் இல்லை. இவற்றைக் கூழாகக் காய்ச்சலாம், பிட்டாக அவிக்கலாம், றொட்டியாகத் தட்டலாம். பாண்போலப் பொங்கவைக்க இயலாது. கோதுமை விளையாத நாட்டில் பாண்போறணைக்குரிய மூலப்பொருளும் இல்லை.

இவ்விடத்திற் சூரிய வெப்பத்தையும் குறிப்பிடல் வேண்டும். பனங்கிழங்கை நேர்பாதியாகக் கிழித்துப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பனம்பழத்தின் களியைப் பாயிற் பரப்பி அடுக்கடுக்காகக் காயவைத்தது பனாட்டு. கருவாடு, வடகம், வற்றல், மோர்மிளகாய் ஆகியனவும் வெயிலின் ஆக்கங்களே. போறணை செய்யும் வேலையின் ஒரு பகுதியை, அதாவது நீரை அகற்றி உணவை நீண்டகாலம் கெடாது வைத்தலை, விறகுச் செலவின்றி வெயில் செய்து கொடுத்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878-1953) ஆடிப்பிறப்பின் கூழையும் கொழுக்கட்டையையும் சிறுவர்க்குரிய பாட்டாக்கியபோது, இப்பொருளாதாரத்தின் மகிழ்ச்சியான பக்கத்தையே பதிவு செய்தார். அதன் மறுபக்கம் உழைப்பாகும்.

4

ஆவிச் சமையல் விறகைச் சிக்கனப்படுத்தியது. ஆனால் உழைப்பைச் சிக்கனப்படுத்தவில்லை. ஒரு காலைப் பிட்டுக்குப் பின்னாலுள்ள செயல்களை நிரற்படுத்தினால் இது புலனாகும். நெல்லைக் குற்றி அரிசியாக்கல், அரிசியை ஊறவைத்தல், உரலில் இட்டு இடித்தல், அரித்தல், கப்பியை மீண்டும் இடித்தல், மாவைப் பதமாக வறுத்தல், சுடுநீர் விட்டுக் குழைத்தல், குழைத்ததைச் சுண்டினாற் கொத்தி மணியாக்கல், தேங்காய் துருவுதல், அவித்தல் என அது நீளும். இடியப்பமாயின் உரலிற் பிழியும் கைவலியும் சேரும். போறணை ஒருமுறை சூடேறினால் ஊருக்கே பாண் தரும். நீற்றுப்பெட்டியோ ஒரு வீட்டுக்குரிய உணவை மட்டும், அவ்வேளைக்கு மட்டும் தரும். மறுநாள் விடியுமுன் அவ்வுழைப்பு மீண்டும் தொடங்க வேண்டும். விறகின் பற்றாக்குறையைப் பெண்ணின் உடலுழைப்பு ஈடுசெய்தது என்பதே இதன் பொருள். அவ்வுழைப்பு விலையற்றதாகக் கருதப்பட்டமையாலேயே இம்முறை ‘மலிவானது’ எனத் தோன்றிற்று.

எல்லாப் பெண்களும் ஒரே வகையில் உழைத்தனர் என்பதும் பொருந்தாது. வசதி படைத்த வேளாளர் இல்லங்களில் வீட்டுவேலைகளின் பெரும்பகுதியைக் குடிமை முறைக்கு உட்பட்டோரே செய்தனர். 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையில் அடிமைகள் பற்றித் தனிப்பகுதியே உண்டு. கோவியர், நளவர், பள்ளர் ஆகியோர் அடிமை நிலைக்கு உட்படுத்தப்பட்டிருந்தனர். சட்டரீதியாக அடிமைமுறை 1844இல் ஒழிக்கப்பட்ட பின்னரும் குடிமை உறவுகள் தொடர்ந்தன. இவர்களுள் கோவியர் வீட்டினுட் புகுந்து பணிசெய்யலாம். நளவரும் பள்ளரும் தோட்டத்திலும் பனந்தோப்பிலும் உழைத்தனர். அடுப்பில் எரிந்த காவோலையை மரமேறி வெட்டி இறக்கிய கை அடுக்களை வாசலைக் கடக்க முடியாதிருந்தது. அடுப்பின் எரிபொருள் ஒடுக்கப்பட்ட மக்களின் உழைப்பு. அடுப்பின் ‘தூய்மை’ அம்மக்களை விலக்கி வைப்பதிலே தங்கியிருந்தது. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளாது யாழ்ப்பாணச் சமையலின் சிறப்பை வியந்துரைத்தல் அரைகுறையான காரியமாகும்.

பொதுப்போறணை உருவாகாமைக்கான மூன்றாவது காரணமும் இங்கேயே உள்ளது. விறகு அருமையான நாடுகளிலே பல குடும்பங்கள் ஒரு தீயைப் பகிர்ந்துகொள்வதே இயல்பான தீர்வு. பஞ்சாபின் ஊர்களிலே பெண்கள் பொதுத் தந்தூரிற் றொட்டி சுடும் வழக்கம் இதற்கு எடுத்துக்காட்டு. பிரான்சின் நிலமானிய அமைப்பிலே பொதுப்போறணை பிரபுவின் உடைமையாயிருந்தது. குடியானவர் தமது மாவை அங்கேயே சுட்டு, அதற்கெனக் கட்டணமும் செலுத்தக் கட்டாயப்படுத்தப்பட்டனர். 1789இன் புரட்சியை ஒட்டியே இக்கட்டாய உரிமைகள் ஒழிந்தன. அங்கே நிலப்பிரபுத்துவம் தீயைப் பொதுவாக்கி, அதிலிருந்து வரியைக் கறந்தது. யாழ்ப்பாணத்து நிலவுடைமையோ சாதியின் வடிவிலே இயங்கியமையால், தீயைத் துண்டு துண்டாக்கியது. ஒவ்வொரு வளவிலும் ஒவ்வோர் அடுப்பு. ஒருவர் அடுப்பில் ஆனதை மற்றவர் உண்பதற்கு நூறு விதிகள். கோயில் மடைப்பள்ளியின் தீயும் பொதுத்தீ அன்று. அதன் பிரசாதத்தைப் பெறும் உரிமைகூடக் கோயில் வாசலிலேயே தீர்மானிக்கப்பட்டது.

5

இவ்விதிகள் முதலில் நெருக்கடிக்கு உள்ளானது கல்விக்கூடங்களின் சமையலறையிலேயாகும். அமெரிக்க மிசனரிமார் 1816இல் குடாநாட்டுக்கு வந்து, 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியையும் 1824இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் நிறுவினர். தொடக்கத்தில் உயர்சாதி மாணவர் மிசன் வளவினுள் உண்ண மறுத்தமையால், அயலிலிருந்த சைவர் வளவிற் சமையற்கூடம் அமைக்கப்பட்டதாக மிசன் வரலாறுகள் கூறும். ஆங்கிலக் கல்வியை ஏற்கத் தயாராயிருந்த வர்க்கம், அக்கல்வியை அளித்தோரின் அடுப்பினை ஏற்கத் தயாராயிருக்கவில்லை. ஒரு நூற்றாண்டின் பின், 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இயக்கம், ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரின் தலைமையில், சமபந்தி போசனத்தைத் தனது வேலைத்திட்டத்தின் பகுதியாக்கிற்று. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் இவர்களே. பாடசாலைகளிற் சம ஆசனம், சம போசனம் என்ற கோரிக்கைகள் எழுந்தபோது சாதிமான்களின் எதிர்ப்புக் கடுமையாக இருந்தது.

இக்காலப்பகுதியிலேயே பாண் படிப்படியாகப் பரவிற்று. பாணுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதனை ஆக்கிய கை எவருடையது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் இல்லை. அது கூலியுழைப்பால் ஆக்கப்பட்டுப் பணத்துக்கு விற்கப்படும் பண்டம். யாழ்ப்பாண நகரிலே 1977க்கு முன்னர் சிங்களவர் நடத்திய பேக்கரிகளும் இருந்தன. இனம், சாதி, ஊர் அறியாத கைகள் இரவு முழுவதும் போறணையின் முன் வெந்து ஆக்கிய பாணை, அடுக்களைத் தூய்மையைக் காத்த குடும்பங்களும் காலையில் வாங்கி உண்டன. பண்ட உற்பத்தி சாதிய உறவுகளை ஊடறுக்கும் தன்மைக்கு இதனைச் சிறந்த உதாரணமாகக் கொள்ளலாம்.

ஆனால், பணம் தானாகவே சாதியைக் கரைத்துவிடும் என்று கருதுவது இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமாகும். அதே பாணைத் தேநீர்க் கடையில் அமர்ந்து உண்ண முனைந்தபோது, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஆசனம் மறுக்கப்பட்டது. தேநீர் போத்தலிலும் தகரப்பேணியிலும் கொடுக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஏட்டளவிலேயே நின்றது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து 1967இல் அமைந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், சங்கானை முதலிய இடங்களின் தேநீர்க் கடைப் பிரவேசங்களும், 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமுமே கதவுகளைத் திறந்தன. மக்கள் உயிரையும் பணயம் வைத்தே ஒரு குவளைத் தேநீரைச் சமமாகப் பருகும் உரிமையைப் பெற்றனர். பேக்கரியின் போறணை உருவாக்கிய வாய்ப்பை உரிமையாக மாற்றியது அரசியற் போராட்டமே.

6

கோதுமை மா குடாநாட்டு அடுக்களையினுட் புகுந்த வரலாறும் இவ்வாறு சிக்கலானது. 1942இல் பர்மா யப்பானிய படைகளிடம் வீழ்ந்தமையால் இலங்கைக்கு வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறையும் மாவும் சேர்ந்தே வந்தன. 1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க அவ்வாண்டே பதவி விலகினார். அமெரிக்காவின் 480ஆம் இலக்கப் பொதுச்சட்டத்தின் (1954) வழிவந்த உதவி மா இலங்கைக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தார் கோதுமை மாவை ‘அமெரிக்கன் மா’ என வழங்கியமை தற்செயலானதன்று. ஏகாதிபத்தியத்தின் உபரித் தானியம் தனது பிறப்பிடத்தைப் பெயரிலேயே தாங்கி வந்தது. 1973-74 காலத்து அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது பாணுக்கு விடியுமுன்னரே வரிசைகள் நீண்டன. அதே இறக்குமதிக் கட்டுப்பாடு குடாநாட்டின் மிளகாய், வெங்காயச் செய்கையாளருக்கு வளமளித்தமையும், 1977இன் திறந்த பொருளாதாரம் அவ்வளத்தைப் பறித்தமையும் அறியப்பட்டனவே. 1980இல் திருகோணமலையில் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியபின், கோதுமை மா நாட்டின் நிரந்தர உணவாயிற்று.

இம்மாவைக் குடாநாட்டுப் பெண்கள் கையாண்ட விதமே எமது ஆய்வுக்கு மிகவும் முக்கியமானது. போறணைக்கெனப் பிறந்த தானியத்தை அவர்கள் போறணைக்குக் கொண்டு செல்லவில்லை. நீற்றுப்பெட்டிக்குக் கொண்டு வந்தனர். கோதுமை மாவைத் துணியிற் கட்டி முதலில் ஆவியில் அவிப்பர். அவ்வாறு அவிக்கும்போது மாவிலுள்ள புரதம் இறுகித் தனது பசைத்தன்மையை இழக்கிறது. பின்னர் அதனைக் கட்டி உடைத்து அரித்தால் அரிசிமாவைப்போலப் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் உதவும். ஐரோப்பியப் பாணை ஆக்கும் அதே குணத்தை அகற்றியே யாழ்ப்பாணப் பிட்டு ஆக்கப்பட்டது. எந்த நூலிலும் பெயர் பொறிக்கப்படாத பெண்கள் கண்டறிந்த தொழில்நுட்பம் இது. புறத்திலிருந்து திணிக்கப்பட்ட பொருளைத் தமது உற்பத்திக் கருவிகளுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் ஆற்றல் உழைக்கும் மக்களிடம் உண்டு என்பதற்கு இது சான்று.

கேக்கின் வரலாறு இதனின்றும் வேறுபட்டது. அது மிசன் கல்வியோடும் நத்தாரோடும் ஆங்கிலம் கற்ற உத்தியோக வர்க்கத்தோடும் வந்தது. மின்போறணை வாங்கும் வசதி மிகச்சிலர்க்கே இருந்தது. ஏனையோர் அடுப்பையே போறணையாக்கினர். அடித்தடிப்பான பெரிய சட்டியில் மணலைப் பரப்பி, மெல்லிய தீயிற் சூடாக்கி, அதனுள் கேக் தட்டை வைத்து மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்புவர். மணல் கீழ்வெப்பத்தைச் சீராக்க, தணல் மேல்வெப்பத்தைத் தரும். செங்கற் சுவர் செய்யும் வேலையை மணலும், கட்டை விறகு செய்யும் வேலையைச் சிரட்டையும் செய்தன. சிரட்டை தென்னை தரும் எரிபொருள்களுள் நின்றெரிந்து நீடித்த தணல் தருவது என்பதை அறிந்தே அவர்கள் அதனைத் தேர்ந்தனர்.

7

1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் இவ்வறிவு வசதிக்குறைவின் மாற்றுவழி என்ற நிலையிலிருந்து உயிர்வாழ்வின் நிபந்தனையாக மாறிற்று. குடாநாட்டுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பொருளாதாரத் தடையின்கீழ் எரிபொருள் அருமையாயிற்று. மண்ணெண்ணெய் விளக்குக்கே போதாதபோது அடுப்புக்கு ஏது? ஜாம் போத்தலிற் பஞ்சை இட்டுச் சில துளி எண்ணெயில் விளக்கெரித்த காலம் அது. 1970களில் நடுத்தர வர்க்க இல்லங்களிற் புகுந்திருந்த மண்ணெண்ணெய் அடுப்பு ஒதுங்க, மூன்று கல் மீண்டும் வந்தது. அதேவேளை பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. பனையைப் பேணுவதற்கென 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டிருந்தும், யுத்தம் குடாநாட்டின் விறகையும் உணவையும் ஒருங்கே தின்றது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, பாடசாலை முற்றங்களிலும் கோயில் வீதிகளிலும் மர நிழல்களிலும் அடுப்புகள் மூட்டப்பட்டன. போறணையை எவரும் தூக்கிச் செல்ல இயலாது. மூன்று கல்லும் ஒரு பானையும் எங்கும் அடுப்பாகும். அந்நெருக்கடியிலே பல சாதியினர் அடுத்தடுத்து அடுப்பு மூட்ட நேர்ந்தமையும், ஒரே கிணற்றில் நீரள்ள நேர்ந்தமையும் குறிப்பிடத்தக்கன. ஆயினும், அவலம் தந்த அண்மை நிலையான சமத்துவமாகாது. தேநீர்க் கடை தந்த பாடம் இங்கும் பொருந்தும்.

இவ்வரலாற்றை வீரகாவியமாக்கிவிடும் போக்கும் இன்று காணப்படுகின்றது. ‘எங்கள் அம்மாமார் விறகடுப்பில் ஆக்கிய சுவை’ என்ற ஏக்கம் புலம்பெயர்ந்தோரிடமும் நகரவாசிகளிடமும் மிகுந்துள்ளது. அவ்வேக்கத்தின் கண்ணுக்குப் புகை தெரிவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வீட்டினுள் எழும் புகை முதலிய மாசுகளால் 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர். அடுப்படியில் நெடுநேரம் செலவிடும் பெண்களும் குழந்தைகளுமே இப்புகையைப் பெரிதும் சுவாசிக்கின்றனர். இலங்கையில் 1980களில் உருவாக்கப்பட்ட ‘அனகி’ மண்ணடுப்புப்போன்ற, விறகைச் சிக்கனப்படுத்தும் எளிய அடுப்புகள் இருந்தும், அவை ஒவ்வோர் இல்லத்துக்கும் சென்றடையவில்லை. பெண்களின் சுவாசம் தேசியக் கணக்குகளில் இடம்பெறாமையே இதன் காரணம்.

இதன் அண்மைய அத்தியாயம் 2022இன் பொருளாதார நெருக்கடியாகும். 2021 ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாடு நீக்கப்படுமுன் கொழும்பில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயுக் கொள்கலன், 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் அது கிடைக்கவில்லை. தீவெங்கும் மக்கள் விறகுக்குத் திரும்பினர். மாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்தோருக்கு மூன்று கல் வைக்கவும் இடமிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தார் இத்தகைய வாழ்வை 1990களிலேயே அறிந்தவர்கள். அன்று அது குடாநாட்டின் துயரமாகத் தனித்து விடப்பட்டது. அடுப்பு அணையும்போது உழைக்கும் மக்கள் அனைவரதும் நிலை ஒன்றே என்பதைத் தெற்கும் வடக்கும் ஒருங்கே உணர்வதற்கு 2022 ஒரு வாய்ப்பாக அமைந்தது.

8

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கலாம். யாழ்ப்பாண இல்லத்திற் போறணை இடம்பெறாமை அறியாமையின் விளைவும் அன்று, இனத்தின் இயல்பும் அன்று. விரைந்தெரியும் எரிபொருள், பொங்காத தானியம், கூலியற்ற பெண்ணுழைப்பு, தீயைப் பகிர மறுத்த சாதியமைப்பு ஆகிய நான்கின் கூட்டு விளைவே அது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். தொறொன்றோவிலும் இலண்டனிலும் வாழும் யாழ்ப்பாணத்தவரின் சமையலறைகளில் போறணை உண்டு, எரிபொருட் பஞ்சம் இல்லை, கோதுமை மாவும் தாராளம். அங்கும் பிட்டே அவிக்கப்படுகிறதெனின், பொருளியற் காரணங்கள் எவ்வாறு பொருந்தும் என்பதே அது. பொருளியல் நிலைமைகள் ஒரு சுவையை உருவாக்கியபின், அந்நிலைமைகள் நீங்கினாலும் சுவை சிலகாலம் தனித்து நிலைக்கும். பண்பாட்டுக்கு அத்தகைய சார்புநிலைச் சுயாதீனம் உண்டு. ஆனால், அங்கும் மாற்றம் நிகழாமல் இல்லை. அங்குள்ள கடைகளில் வறுத்த அரிசிமா பொதிகளாக விற்கப்படுகிறது. இடித்தலும் அரித்தலும் வறுத்தலும் ஆகிய உழைப்பு வீட்டைவிட்டு வெளியேறிக் கூலியுழைப்பாகியுள்ளது. அவ்வுழைப்பைச் செய்வோருட் பலர் இங்குள்ள பெண்களே. வளவினுள் விலையற்றிருந்த அவர்களது உழைப்பு இன்று ஏற்றுமதிப் பண்டத்தின் விலையில் ஒரு சிறு கூறாகியுள்ளது. அக்கூறு எவ்வளவு, அதனை யார் தீர்மானிக்கின்றனர் என்பன விரிவான கள ஆய்வை வேண்டி நிற்கும் வினாக்கள்.

எமது ஆய்வாளர் கல்வெட்டையும் ஏட்டையும் தேடுவதோடு அடுக்களையையும் தேட வேண்டும். நீற்றுப்பெட்டியை இழைத்தவர், காவோலையை இறக்கியவர், பானையை வனைந்தவர், மாவை இடித்தவர், போறணையின் முன் இரவிரவாக நின்றவர் ஆகியோரின் வாய்மொழிகள் அவர்கள் வாழும்போதே பதியப்படல் வேண்டும். அதற்கான பொறுப்பு பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் உண்டு. யாழ்ப்பாணத்தவர் எதனை உண்டனர் என்பதோடு, யாருடைய உழைப்பில் உண்டனர், யாரை விலக்கி உண்டனர் என்பவற்றையும் எழுதும்போதே எமது உணவு வரலாறு மக்கள் வரலாறாகும்.